அலுவலகத்துக்குப் பூட்டா, பிள்ளைகளுக்கு வேலியா? பள்ளிக் கணக்குகளைக் காக்க மூன்று வழிகள்

திருமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை போன மாதம் கூப்பிட்டார். "தம்பி, கமிட்டியில ஒரு லட்சம் ஒதுக்கியிருக்காங்க. பிள்ளைங்க இன்டர்நெட்ல என்ன பாக்குறாங்கன்னு கண்காணிக்கிற சாஃப்ட்வேர் வாங்கணும்ங்கிறார் தாளாளர். லேப் சார், அது வேணாம், நெட்டுக்கு ஃபில்டர் போடுவோம்ங்கிறார். நீங்க என்னன்னா கணக்கையெல்லாம் பூட்டுங்கன்னு ஒரு வருஷமாச் சொல்லிக்கிட்டே இருக்கீங்க. எதைத்தான் செய்யிறது?"

இதே கேள்வியை மேலூரில் ஒரு தாளாளரும் வாடிப்பட்டியில் ஒரு கணினி ஆசிரியரும் வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறார்கள். மூன்றும் நல்ல காரியம்தான். ஆனால் மூன்றையும் ஒரே ஆண்டில் ஒழுங்காகச் செய்து முடிக்க, நான் பார்க்கும் பள்ளிகளில் ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே எதை முதலில் செய்வது என்றுதான் யோசிக்க வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள சில சிறிய பள்ளிகளுக்கு மெயிலும் கூகுள் கிளாஸ்ரூம் என்ற இணைய வகுப்பறையும் அமைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, இதை நாளைக்கு நடத்தப் போவது யார் என்பதை. அமெரிக்காவில் ஒரு பள்ளி மாவட்டம் என்றால் பல பள்ளிகளின் கணக்குகளை ஒரே அலுவலகம் பார்க்கும், அதற்கென்று சம்பளத்துக்கு ஆட்கள் இருப்பார்கள். நம் உதவிபெறும் பள்ளியிலும் சிறிய மெட்ரிக் பள்ளியிலும் அந்த ஆள் கணினி ஆசிரியர்தான். வாரம் முழுக்க வகுப்பு, இடையில் அரசின் மாணவர் விவரத் தளமான எமிஸில் பதிவேற்றம், பொதுத்தேர்வு வந்தால் ஹால் டிக்கெட். இந்த வேலைக்கென்று அவருக்கு வாரம் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்காத எதையும் வாங்கக் கூடாது.

அடுத்தது, தொலையும் நாள். போன் தொலையும், ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போவார், எழுத்தர் ஓய்வு பெறுவார். அன்றைக்கு எல்லாம் நின்றுபோகுமா, இல்லை அரை மணி நேரத்தில் சரியாகுமா?

மூன்றாவது, எந்தக் கேட்டைத் தடுக்கிறது என்பது. பயப்படுவது ஒன்று, நடப்பது ஒன்று. நம் பள்ளிகளில் நடப்பதைத் தடுக்க வேண்டும்.

நான்காவது, இரண்டாம் ஆண்டுச் செலவு. முதல் ஆண்டுத் தொகையை யாராவது ஒரு முன்னாள் மாணவர் கொடுத்துவிடுவார். புதுப்பிக்கும்போதுதான் கையைப் பிசைவோம்.

கடைசியாக, பிள்ளையின் மரியாதை. இதில் சட்டமும் இருக்கிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அந்த ஒப்புதல் சரிபார்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பிள்ளைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகள், கல்விப் பணிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் தேவையான அளவில் மட்டும் பள்ளிகளுக்கு விலக்கு அளிக்கின்றன. அந்த அளவைத் தாண்டினால் பள்ளிதான் பதில் சொல்ல வேண்டும்.

## முதல் வழி: கணக்குகளைப் பூட்டுவது

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பள்ளியின் அலுவலக மெயில் கணக்கு வேறொருவர் கைக்குப் போனது. உங்கள் மெயில்பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே உள்நுழையுங்கள் என்று ஒரு மெயில். சேர்க்கை நேரத்து அவசரத்தில் எழுத்தர் அம்மா கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார். அந்தக் கணக்கின் டிரைவில் மாணவர் பட்டியல் முழுவதும் இருந்தது. பெயர், பிறந்த தேதி, அப்பாவின் போன் எண், முகவரி, ஆதார் நகல், போட்டோ. அடுத்த வாரத்திலிருந்து பெற்றோருக்கு போன் வர ஆரம்பித்தது. பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் சரியாகச் சொல்லி, உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்று கேட்டார்கள். சிலர் பணத்தை இழந்தார்கள். கடவுச்சொல்லுக்குப் பிறகு ஓடிபி போல இன்னொரு சான்றையும் கேட்பதுதான் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. அதைக் கட்டாயமாக்கும் அமைப்பு என் கையில்தான் இருந்தது. ஆசிரியர்களுக்குச் சிரமமாக இருக்குமே என்று தள்ளிப்போட்டிருந்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்தப் பள்ளியின் லேபில் எத்தனை ஃபில்டர் இருந்திருந்தாலும், பிள்ளைகளை எத்தனை மென்பொருள் கண்காணித்திருந்தாலும் இது நடந்திருக்கும். பிள்ளைகளைப் பற்றிய தகவல் பிள்ளைகளிடம் இல்லை, பெரியவர்களின் கணக்கில் இருக்கிறது. பெரிய இடத்துக் கதையும் இதுதான். வட அமெரிக்காவில் ஏராளமான பள்ளிகளின் மாணவர் பதிவுகளை வைத்திருக்கும் பவர்ஸ்கூல் நிறுவனத்துக்குள் 2024 டிசம்பரில் ஆள் நுழைந்தது, வாடிக்கையாளர் உதவித் தளத்துக்கான ஒரு திருட்டுக் கடவுச்சொல்லை வைத்துத்தான். அந்தத் தளத்துக்கு அப்போது இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை.

இதற்கு உரிமம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. கூகுள் வொர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷனின் அடிப்படைப் பதிப்பும், மைக்ரோசாஃப்டின் ஆஃபீஸ் 365 ஏ1 பதிப்பும் தகுதியுள்ள பள்ளிகளுக்கு இலவசம். இரண்டிலுமே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கலாம். எந்த முறையில் என்பதில்தான் பள்ளிகள் தடுமாறுகின்றன. கீழே ஆதென்டிகேட்டர் என்பது போனிலேயே குறியீட்டைக் காட்டும் செயலி. பாஸ்கீ என்பது கடவுச்சொல்லுக்குப் பதில் போனின் பூட்டைத் திறந்து நுழையும் முறை. பாதுகாப்புச் சாவி என்பது கணினியில் செருகும் சிறு கருவி. நிர்வாகி என்றால் பள்ளியின் எல்லாக் கணக்குகளின் அமைப்பையும் மாற்றும் உரிமை உள்ளவர்.

| முறை | செலவு | எங்கே தோற்கும் | போன் தொலைந்தால் | யாருக்கு |
|---|---|---|---|---|
| எஸ்எம்எஸ் ஓடிபி | இல்லை | போலிப் பக்கத்தில் தட்டிவிடலாம், சிம் கைமாறலாம், சிக்னல் இல்லாத இடம் | புது சிம் வரும்வரை காத்திருக்க வேண்டும் | தொடக்கத்துக்கு மட்டும் |
| ஆதென்டிகேட்டர் செயலி | இல்லை | போலிப் பக்கத்தில் தட்டிவிடலாம் | காப்பு எடுக்காவிட்டால் எல்லாம் போகும் | சிக்னல் இல்லாத ஊர் |
| போனில் வரும் "நீங்கள்தானா?" கேள்வி | இல்லை | பழக்கதோஷத்தில் ஆமாம் என்று அழுத்திவிடுவது | வேறு முறை கைவசம் வேண்டும் | பெரும்பாலான ஆசிரியர்கள் |
| பாஸ்கீ | இல்லை, சில இடத்தில் புளூடூத் டாங்கிள் | பழைய லேப் கணினிகள் | இன்னொரு கருவியில் ஏற்கெனவே பதிந்திருக்க வேண்டும் | புதிய போன் உள்ளவர்கள் |
| பாதுகாப்புச் சாவி | ஒன்று சில ஆயிரம், ஆளுக்கு இரண்டு | தொலைப்பது, வீட்டில் வைத்துவிட்டு வருவது | போனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை | நிர்வாகி, அலுவலகம், தலைமையாசிரியர் |

கூகுள் 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வின் எண்கள் இந்த முடிவுக்கு உதவும். எஸ்எம்எஸ் குறியீடு, ஊருக்கெல்லாம் மொத்தமாக வலைவீசும் மோசடிகளில் 96 சதவீதத்தைத் தடுத்தது. ஓர் ஆளைக் குறிவைத்து வரும் தாக்குதலில் அது 76 சதவீதமாக இறங்கிவிட்டது. போனில் வரும் கேள்வி முறை 99-உம் 90-உம். பாதுகாப்புச் சாவி இரண்டிலும் 100.

ஏன் 100 என்றால், சாவி மனிதனின் கண்ணை நம்புவதில்லை. எந்த முகவரிக்காகப் பதிந்தோமோ அந்த முகவரி கேட்டால் மட்டுமே அது பதில் சொல்லும். போலிப் பக்கம் அச்சு அசலாக இருந்து நாம் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. பாஸ்கீயும் இதே வேலையைப் போனின் கைரேகையை வைத்துச் செய்கிறது, காசும் கேட்பதில்லை.

எஸ்எம்எஸ்ஸின் மறைமுகச் செலவைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பு போய்விடலாம், அப்புறம் அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். விலகிப்போன ஆசிரியரின் பழைய எண் பள்ளிக் கணக்கின் மீட்பு எண்ணாக அப்படியே கிடப்பதை நான் பார்க்காத பள்ளி இல்லை. எழுமலைப் பக்கம் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் அலுவலக அறைக்குள் சிக்னலே வராது. ஓடிபிக்காக எழுத்தர் மைதானத்துக்குப் போய் நின்று, அங்கிருந்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல, உள்ளே இருப்பவர் தட்டுவார். அங்கே செயலிதான் சரி, அது சிக்னல் இல்லாமலே எண்ணைக் காட்டும்.

செயலிக்கும் ஒரு செலவு உண்டு. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஓர் ஆசிரியையின் போன் கூட்டத்தில் தொலைந்துவிட்டது. குறியீடுகளைக் கூகுள் கணக்கோடு ஒத்திசைத்து வைக்கும் வசதியை அவர் போட்டிருக்கவில்லை. அவருடைய கணக்கு சாதாரண ஆசிரியர் கணக்கு என்பதால் நிர்வாகியாக நானே பத்து நிமிடத்தில், போன் இல்லாமலே நுழைய உதவும் காப்புக் குறியீடு எடுத்துக் கொடுத்தேன். நிர்வாகியின் போனே தொலைந்திருந்தால்?

அங்கேதான் பெரிய மறைமுகச் செலவு காத்திருக்கிறது. ஒரே ஒரு நிர்வாகி இருந்து, அவரும் உள்ளே நுழைய முடியாமல் போனால், பள்ளியின் டொமைன், அதாவது இணைய முகவரி, தங்களுடையதுதான் என்று அதன் அமைப்பில் டிஎன்எஸ் பதிவு ஒன்றைச் சேர்த்து நிரூபிக்கச் சொல்வார்கள். சரி, டொமைன் யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் ஆறேழு வருடத்துக்கு முன் வெப்சைட் போட்டுக் கொடுத்த பையன் பெயரில். அவர் இப்போது பெங்களூருவில் இருப்பார், எண் மாறியிருக்கும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் முன்பே டொமைனைப் பள்ளியின் பெயருக்கு மாற்றுங்கள். நிர்வாகிகள் இருவர் இருக்கட்டும். நிர்வாகிக் கணக்கை தினசரி மெயிலுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

பாஸ்கீயை லேப் கணினியில் பயன்படுத்தும்போது திரையில் வரும் கியூஆர் குறியைப் போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்குக் கணினியிலும் போனிலும் புளூடூத் இருக்க வேண்டும். பழைய டெஸ்க்டாப்பில் புளூடூத் இருக்காது, சில நூறு ரூபாய் டாங்கிள் ஒன்று மாட்டினால் போதும். விண்டோஸ் 7 ஓடும் கணினி என்றால் அதில் குரோம் 2023 தொடக்கத்தோடு புதுப்பிப்பை நிறுத்திவிட்டது. அந்தக் கணினியில் எந்தப் பெரியவரின் கணக்கையும் திறக்காமல் இருப்பதே நல்லது. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.

### பிள்ளைகளின் கணக்கு வேறு கதை

பிள்ளைகளிடம் சொந்த போன் இல்லை, பலர் அப்பாவின் போனில்தான் கிளாஸ்ரூம் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைத் திணித்தால் முதல் பீரியட் முழுக்க உள்நுழைவதிலேயே போகும். வேண்டாம். ஆனால் கடவுச்சொல்லை அப்படியே விட்டுவிடக் கூடாது.

நான் பார்த்த பள்ளிகளில் முக்கால்வாசி, பயனர் பெயருக்கு எமிஸ் எண்ணையும் கடவுச்சொல்லுக்குப் பிறந்த தேதியையும் கொடுத்திருந்தன. பிறந்தநாளுக்குக் கலர் டிரெஸ் போட்டுவந்து வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுக்கும் பிள்ளைகளுக்குள் பிறந்த தேதி எப்படி ரகசியமாகும்? ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கணக்கில் யாரோ நுழைந்து, கிளாஸ்ரூமில் இன்னொரு மாணவியைப் பற்றி அசிங்கமாக எழுதிவிட்டார்கள். எழுதியது அவள் இல்லை என்று தெரிவதற்குள் அந்தப் பிள்ளை நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. கணக்குப் பாதுகாப்பு வேறு, மாணவர் பாதுகாப்பு வேறு என்று பிரித்துப் பேசுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

இப்போது நாங்கள் செய்வது இது. சம்பந்தமில்லாத மூன்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச் சொல்கிறோம். புளியமரம், சைக்கிள், வெண்டைக்காய் என்கிற மாதிரி. பிள்ளைகளே உற்சாகமாகச் சொல் தேடுகிறார்கள், மறப்பதும் குறைவு. மறந்தால் மாற்றிக் கொடுக்க, மாணவர் பிரிவுக்கு மட்டும் கடவுச்சொல் மாற்றும் உரிமையை வகுப்பாசிரியருக்குத் தரலாம். ஒவ்வொரு தடவையும் லேப் சாரைத் தேடி ஓட வேண்டியதில்லை.

அதோடு மாணவர் கணக்கால் என்ன செய்ய முடியும் என்பதைச் சுருக்குங்கள். வெளி மெயில் வரவும் போகவும் வேண்டாம். டிரைவில் வெளியாருடன் பகிர்வது வேண்டாம். வகுப்பில் சேர நம் டொமைன் கணக்கு கட்டாயம் என்று வையுங்கள். வகுப்புக் குறியீடு வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ போனாலும் அப்போது வெளியாள் நுழைய முடியாது. பள்ளி மெயிலை வைத்து விளையாட்டுத் தளங்களில் பதிவதை வெளிச் செயலிக் கட்டுப்பாட்டில் மூடலாம்.

இன்னொன்று, நான் அடிக்கடி திருத்தும் தவறு. பள்ளி என்று பதிந்த வொர்க்ஸ்பேஸில் எல்லோரையும் 18 வயதுக்குக் கீழ் என்றுதான் கூகுள் எடுத்துக்கொள்ளும், அதற்கேற்ப யூடியூப் போன்றவற்றைக் குறுக்கும். ஆசிரியர்கள் வீடியோ ஓடவில்லை என்று புகார் சொல்ல, யாரோ பள்ளி முழுவதையும் 18-க்கு மேல் என்று மாற்றிவிடுவார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் பெரியவர்களின் யூடியூப் திறந்துவிடும். ஆசிரியர்களைத் தனிப் பிரிவாகப் பிரித்து அந்தப் பிரிவுக்கு மட்டும் மாற்றினால் போதும்.

## இரண்டாம் வழி: இணைய ஃபில்டர்

இதில் மலிவானதும் இருக்கிறது, விலை உயர்ந்ததும் இருக்கிறது. மலிவானது ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை மாற்றுவது. தளத்தின் பெயரைத் தட்டினால் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் டிஎன்எஸ். கிளவுட்ஃபிளேர் 2020-இல் குடும்பங்களுக்கென்று தொடங்கிய 1.1.1.3 இலவசம், ஆபாசத் தளங்களையும் தீங்கான மென்பொருள் பரப்பும் தளங்களையும் தடுக்கும். ஐந்து நிமிட வேலை. விலை உயர்ந்தது, பள்ளிக்குள் வந்துபோகும் இணையத்தை வடிகட்டும் ஃபயர்வால் பெட்டி. யார் எந்தத் தளத்துக்குப் போனார் என்று பதிவும் வைக்கும், வகுப்புவாரியாக விதியும் போடலாம். ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் புதிய தளங்களின் பட்டியல் வராது, நாளடைவில் வெறும் பெட்டியாக நிற்கும்.

இரண்டுக்கும் ஒரே எல்லை. பள்ளியின் வைஃபையில் இருக்கும்வரைதான். பத்தாம் வகுப்புப் பையன் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டால் முடிந்தது. லேப் கணினியின் பிரவுசரில் பாதுகாப்பான டிஎன்எஸ் என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை மாற்றிவிட்டாலும் ரவுட்டரில் செய்தது வீண். ரவுட்டரின் கடவுச்சொல்லை ஆபரேட்டர் வைத்துவிட்டுப் போனபடியே விட்டிருந்தால் இன்னும் எளிது.

தேவைக்கு மேல் தடுப்பதும் ஒரு செலவு. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மனித இனப்பெருக்கமும் இனப்பெருக்க நலனும் பாடமாகவே இருக்கின்றன. இறுக்கமான ஃபில்டர் அந்தப் படங்களையும் விளக்கங்களையும் மறைத்தால், அரைகுறைத் தகவலைப் பிள்ளை வேறெங்கோ தேடும். விதிவிலக்குச் சேர்க்க ஆசிரியர் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது முடிவாகாமல் ஃபில்டர் போடாதீர்கள்.

லேபில் நாற்பது கணினி இருந்து, சிறு வகுப்புகளும் அதில் உட்காரும் பள்ளிக்கு இலவச டிஎன்எஸ் மாற்றம் கட்டாயம் என்பேன். விடுதியோடு கூடிய பள்ளி என்றால் ஃபயர்வால் பெட்டிக்கும் பணம் கொடுக்கலாம், அங்கே இரவு பத்து மணிக்கும் பள்ளியின் இணையத்தில்தான் பிள்ளைகள் இருக்கிறார்கள். பகல் பள்ளிக்கு அந்தப் பெட்டி அதிகம்.

## மூன்றாம் வழி: கண்காணிப்பு மென்பொருள்

தாளாளர்கள் இதைக் கேட்பதற்குக் காரணம் அக்கறைதான். செய்தியில் ஒரு பிள்ளையின் கதை வருகிறது, நம் பள்ளியில் நடந்துவிடக் கூடாதே என்று பதறுகிறார்கள். அந்தப் பதற்றம் எனக்கும் உண்டு. அமெரிக்கப் பள்ளிகளில் கோகார்டியன், கேகிள் போன்றவை பரவலாக ஓடுகின்றன. மாணவர் எழுதுவதையும் தேடுவதையும் பார்த்து, தற்கொலை எண்ணம், மிரட்டல், பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் பள்ளிக்கு எச்சரிக்கை அனுப்பும்.

விற்க வருபவரிடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி மொழி பற்றியது. நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள், அதிலும் மதுரைப் பேச்சு. "செத்துரலாம் போல இருக்குடி" என்று ஒரு பிள்ளை தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் எழுதினால் உங்கள் மென்பொருள் கண்டுபிடிக்குமா? உங்கள் எதிரிலேயே தட்டிக் காட்டச் சொல்லுங்கள். விடை அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, அது எதைப் பார்க்கிறது? பள்ளிக் கணக்கையும் பள்ளிக் கருவியையும்தான். நம் பிள்ளைகளுக்கு வரும் தொல்லை அம்மாவின் போனில், இன்ஸ்டாகிராமில், விளையாட்டின் அரட்டையில் வருகிறது. பள்ளி மென்பொருளுக்கு அங்கே கண் இல்லை.

மூன்றாவது, எச்சரிக்கை வந்தால் அடுத்து என்ன? இரவு பதினொரு மணிக்கு வரும் எச்சரிக்கையை யார் படிப்பார்? படித்தவர் யாரைக் கூப்பிடுவார்? இது சட்டப் பொறுப்பும்கூட. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும் நடக்கும் என்ற அச்சம் இருந்தாலும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பாளர் தனக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. படிக்க ஆளில்லாத எச்சரிக்கைப் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால் என்னாகும் என்று யோசியுங்கள். அதைவிட, உதவி கேட்டதுபோல எழுதிய பிள்ளைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

நான்காவது, பேசாமல் போகும் பிள்ளை. எல்லாமே பார்க்கப்படுகிறது என்று தெரிந்தால், தன் சந்தேகத்தையோ பயத்தையோ பள்ளிக் கணக்கில் எழுதுவதையே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் மென்பொருளுக்கும் ஒன்றும் கிடைக்காது, ஆசிரியருக்கும் ஒன்றும் தெரியாது.

அப்படியானால் இதை வாங்கவே கூடாதா? வாங்கலாம். பிள்ளை ஒவ்வொருவருக்கும் பள்ளியே டேப்லெட் கொடுத்து வீட்டுக்கும் அனுப்புகிற பள்ளி, முழுநேர ஆலோசகர் இருக்கிற பள்ளி, பெற்றோரிடம் தெளிவாக விளக்கி ஒப்புதல் வாங்கிய பள்ளி. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது உதவும். ஆலோசகர் இல்லாமல் மென்பொருளை மட்டும் வாங்கப் பணம் இருந்தால், அந்தப் பணத்தில் வாரம் இரண்டு நாள் வரும் ஓர் ஆலோசகரை அமர்த்துங்கள்.

பணமே வேண்டாத ஒரு வேலையும் இருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098, இணையப் பண மோசடிக்கு 1930, பள்ளிக் கல்வித் துறையின் 14417. இந்த மூன்றையும் எல்லா வகுப்பறையிலும் கழிப்பறைக் கதவின் உள்பக்கத்திலும் ஒட்டுங்கள். உள்பக்கம் என்று சொல்வதற்குக் காரணம், யாரும் பார்க்காமல் ஒரு பிள்ளை அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளக்கூடிய இடம் பள்ளியில் அது ஒன்றுதான். அந்தரங்கப் படம் பரவும் என்று யாராவது மிரட்டினால், டேக் இட் டவுன் என்ற இலவச சேவை இருப்பதை ஆசிரியர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். படம் பிள்ளையின் கருவியை விட்டு வெளியே போகாமல், அதன் அடையாளக் குறி மட்டும் சேவையில் பங்கேற்கும் தளங்களுக்குப் போய், அங்கே அந்தப் படம் ஏறாமல் தடுக்க உதவும்.

## எந்தப் பள்ளிக்கு எது முதலில்

கணினி ஆசிரியர் ஒருவர், லேப் ஒன்று, பிள்ளைகள் பெற்றோர் போனில் படிக்கிறார்கள் என்றால், முதல் வழியை முழுதாகச் செய்யுங்கள், இரண்டாம் வழியில் இலவசப் பகுதியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை விட்டுவிடுங்கள். மதுரை மாவட்டத்தில் நான் போய்வரும் பள்ளிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

விடுதிப் பள்ளி என்றால் முதல் வழியோடு ஃபயர்வால். ஒரே நிர்வாகத்தின் கீழ் நாலைந்து பள்ளிகள் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே டொமைனின் கீழ் கொண்டுவந்து, பள்ளிக்கொரு பிரிவாக வைத்து, ஒருவரை முழுநேரம் இதற்கென்றே வைக்கலாம். செலவு பள்ளிகளுக்குள் பிரியும். அப்படி ஓர் ஆள் வந்தபிறகு மூன்றாம் வழியைப் பற்றிப் பேசலாம்.

திருமங்கலத்துத் தலைமையாசிரியைக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு இது. பாதுகாப்புச் சாவி எட்டு வாங்க வேண்டும்: நிர்வாகிகள் இருவர், தலைமையாசிரியை, அலுவலகம் என்று நான்கு பேருக்கு இரண்டிரண்டு. டொமைனைப் பள்ளியின் பெயருக்கு மாற்றி ஐந்து வருடத்துக்குப் பணம் கட்ட வேண்டும். லேபுக்குப் புளூடூத் டாங்கிள்கள். மற்ற ஆசிரியர்களுக்குப் போனிலேயே பாஸ்கீ, அதற்குச் செலவில்லை. கணினி ஆசிரியரின் வாரப் பாடவேளையில் இரண்டைக் குறைத்து அதற்கு ஒரு பகுதிநேர ஆசிரியர். மீதியில் ஆலோசகர் ஒருவரை மாதம் இரண்டு முறை வரவழைக்கலாம். கமிட்டியில் தாளாளர் கேட்ட ஒரே கேள்வி, "பிள்ளைங்களுக்குன்னு ஒதுக்குன பணத்தை ஆபீஸ் சாவிக்குச் செலவு பண்றதா?" என்பது. அலுவலகக் கணினியில் மாணவர் பட்டியலைத் திறந்து, அவருடைய பேத்தியின் வரிசையைக் காட்டினேன். பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, போன் எண், போட்டோ. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாவி எத்தனை நாளில் வரும் என்று கேட்டார்.

சாவி வருவதற்குள் ஒரு வேலையை முடித்துவிட்டோம். இரண்டு நிர்வாகிகளுக்கும் ஆளுக்குப் பத்துக் காப்புக் குறியீடுகளை அச்சிட்டு, தனித்தனி உறையில் ஒட்டி, மேலே தேதி போட்டு, தலைமையாசிரியை கையெழுத்திட்டார். ஓர் உறை பீரோவில் மாற்றுச் சான்றிதழ் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னொன்றைத் தாளாளர் தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்.